டீச்சர் பதில்கள்: விடிய விடியக் கூத்து

(கூத்து ஊரில் பிறந்து 34 வருடம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எங்கள் டீச்சரிடம் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ராத்திரி பாட்டு, கூத்து பற்றியவை. அவற்றில் சில.)

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறோம். சனிக்கிழமை ராத்திரி ஏதாவது ஒரு ஹோட்டலில் கிட்டார் வைத்துப் பாடுவதைக் கேட்கப் போவோம். நம் ஊர்ப் பாட்டை அதே மாதிரி, ஸ்பீக்கர் இரைச்சல் இல்லாமல், பாடுகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்க ஆசை. எங்கே போகலாம் டீச்சர்?
— கே., சோழிங்கநல்லூர்

தெருக்கூத்துக்கு வாருங்கள். ஆனால் மைக் இல்லாத கூத்து என்று தேடினால் கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது எந்த ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போனாலும் கூத்து ஆடுகிற களரிக்குக் குறுக்கே ஒயர் கட்டி மைக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் இருக்கும். கிட்டத்தில் இருப்பவனுக்குக் காது கிழியும், அடுத்த ஊர்க்காரனுக்குத்தான் பாட்டு புரியும்.

எங்கப்பா பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டவர். செய்யாறு பக்கம் எட்டுப் பத்து கிராமங்களுக்குக் கூத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டு விளக்குதான். நான் ஆறாவது, ஏழாவது படிக்கும்போது மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போவேன். களரிக்கு இரண்டு பக்கமும் கழி நட்டு கழிக்கொரு விளக்கு. ஒரு மணி நேரம் போனால் வெளிச்சம் மஞ்சளாகச் சோரும். அப்பா ஒரு விளக்கை இறக்கி, குனிந்து உட்கார்ந்து பம்ப் அடிப்பார். அதுவரை களரியில் பாதி இருட்டு. வேஷக்காரர்கள் பாட்டை நிறுத்த மாட்டார்கள், அடவோடு அடவாக வெளிச்சம் இருக்கிற பக்கம் நகர்ந்துவிடுவார்கள். விளக்கின் புஸ்ஸென்ற சத்தத்துக்கு மேலே முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் கேட்கும். அதற்கும் மேலே மனுஷன் தொண்டை. கட்டையை ஏற்றிப் பிடித்து அவர்கள் பாடியது அழகுக்காக மட்டும் இல்லை, கடைசி வரிசையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிற கிழவருக்கும் கேட்க வேண்டும் என்றுதான்.

மைக் வந்ததும் சத்தம் கூடியது எல்லோருக்கும் தெரியும். அதோடு இன்னொன்றும் நடந்தது. முன்பு துரியோதனன் களரி முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பாடுவான். இப்போது ஆடி முடித்து மைக்குக்குக் கீழே வந்து நின்று பாடுகிறான். ஒயர் எங்கே தொங்குகிறதோ அங்கேதான் ராஜசபை! எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் ராத்திரி முழுக்கக் கத்தித் தொண்டை கிழிந்து நாற்பது வயதில் பாட்டை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அதனால் மைக்கைத் திட்டவும் வாய் வரவில்லை.

உங்கள் ஆசைக்கு மூன்று நேரம் சொல்கிறேன்.

ராத்திரி எட்டு மணிக்கே போய்விடுங்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில்தான் வேஷம் கட்டுவார்கள். கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அரிதாரம் பூசுவார்கள். பக்கத்தில் ஒருவர் தோளில் கட்டுகிற புஜக்கட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருப்பார். கிரீடம், புஜம், மார்புப் பதக்கம் எல்லாம் மரம்தான், கனம் குறைவாக இருக்க வேண்டும் என்று கல்யாண முருங்கையில் செதுக்குவார்கள். அந்த மூலையில் ஆர்மோனியக்காரர் சுருதி கொடுக்க, ஒருவர் இரண்டு வரி பாடிப் பார்ப்பார். அந்த அரை மணி நேரம் மைக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் கேட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள். வேஷம் கட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, மேளக்கட்டு. வேஷம் வருவதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து மிருதங்கம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் நாலும் சேர்ந்து வாசிக்கிற வாசிப்பு. ஸ்பீக்கர் இருக்கும்தான். ஆனால் நீங்கள் களரியின் பக்கவாட்டில், வாத்தியக்காரர்களுக்கு ஆறேழு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்தால் தோல் சத்தம் நேரே வந்து நெஞ்சில் விழும். நாற்காலி போட்ட இடத்துக்குப் போகாதீர்கள். அது பிரசிடென்ட்டுக்கும் அவர் சம்பந்திகளுக்கும்.

மூன்றாவது, திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவின் கடைசி நாள் காலையில் நடக்கிற படுகளம். மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனனைத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண் உருவத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். ஓடுகிறவன் பின்னால் ஒயர் ஓட முடியுமா? பீமன் தொடையை அடித்துப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். ராத்திரி முழுக்க ஆடின தொண்டை கரகரத்துப்போய், வெயிலில் அரிதாரம் வழிய அவர்கள் பாடுவதை நீங்கள் எந்த ஹோட்டலிலும் கேட்க முடியாது. சாயங்காலம் தீமிதி.

மாசி, பங்குனியில் ஆரம்பித்து ஆடி, ஆவணி வரை எங்கள் பக்கம் சீசன். செய்யாறு, வந்தவாசி, ஆரணி பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். எந்த ராத்திரி என்ன கூத்து, எந்த நாடக மன்றம் என்று அதில் போட்டிருப்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு சுமார் 30 கிலோமீட்டர். செய்யாறு பக்கத்தில் இருக்கிற புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக விழா நடத்துவார்கள். அது தெரிந்தால் விடாதீர்கள், வெளியூர்க்காரர்களை அங்கே வேடிக்கைப் பொருளாகப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டுப் போன வருடம் ஒரு கூத்துக்குப் போனேன். பன்னிரண்டரைக்குத் தூங்கிவிட்டேன். பாட்டில் பாதி வார்த்தை புரியவில்லை. ஆடு ஆடென்று ஆடுகிறார்கள், கதை நகரவே இல்லை. என் ரசனையில் கோளாறா?
— பெயர் வேண்டாம், வேலூர்

கோளாறு ஒன்றும் இல்லை. பன்னிரண்டரைக்கு அங்கே பாதி ஊர் தூங்கியிருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். பாய், தலையணையோடு வருவது அதற்குத்தான். சண்டை வரும்போது மிருதங்கம் எழுப்பிவிடும். நான் எத்தனையோ கர்ணன்களைத் தூங்கியே சாகவிட்டிருக்கிறேன்.

வார்த்தை புரியாததற்கு ஒரு வழி இருக்கிறது. வேஷம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அப்புறம்தான் வெளியே வருவார். இழுத்துப் பாடுகிற அந்த விருத்தத்தை விட்டுவிடுங்கள், போகட்டும். உடனே கோமாளி வேஷமான கட்டியக்காரன் வந்து "நீங்க யாரு சாமி? எந்த ஊரு?" என்று கிண்டலாகக் கேட்பான் பாருங்கள், அங்கே காதைக் கொடுங்கள். பாட்டில் சொன்னதெல்லாம் வசனத்தில் மறுபடி வந்துவிடும். உள்ளூர் ரேஷன் கடை, ரோடு போடாத கான்ட்ராக்டர், பக்கத்து ஊர் மாப்பிள்ளை எல்லோரும் அதில் அடிபடுவார்கள். பின்பாட்டுக்காரர்கள் கடைசி வரியைத் திருப்பிப் பாடுவதும் புரிய உதவும்.

கதை நகரவில்லை என்கிறீர்கள். கதைதான் நமக்கு முன்பே தெரியுமே! பாரதம் நடக்கிற ஊர்களில் மத்தியானம் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், ராத்திரி அதே கதை கூத்தாக வரும். முடிந்தால் மத்தியானமே போய் மரத்தடியில் உட்கார்ந்து கேளுங்கள். ராத்திரி பாதி சுமை குறையும்.

எந்த ராத்திரி போகிறோம் என்பதும் முக்கியம். முதல் தடவை போகிறவர்கள் துகில் உரிதலுக்குப் போங்கள். துச்சாதனன் சேலையில் கை வைப்பதற்கு முன் கூத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டுவார்கள். வேஷக்காரரே அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதும் உண்டு. அது வரைக்கும் கடலை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப்பென்று ஆகிவிடும். ஒரு வருடம் சரியாக அந்த நேரத்தில் எங்கப்பாவின் விளக்கில் ஒளிவிடுகிற வலையான மேன்டில் ஒன்று உதிர்ந்து விழுந்தது. எரிந்த மேன்டில் சாம்பல்தானே, ஒரு பூச்சி மோதினால் போதும். களரியில் ஒரு பக்கம் கும்மிருட்டு. கிழவிகள் "அம்மா தாயே!" என்று எழுந்து நின்றுவிட்டார்கள், இரண்டு பேருக்கு ஆவேசம் வந்துவிட்டது. அப்பா புது மேன்டில் கட்டி, ஸ்பிரிட் ஊற்றி, பம்ப் அடித்து வெளிச்சம் கொண்டுவரப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் திரௌபதி வேஷம் கட்டியவர் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டே நின்றார், இருட்டுக்குள்ளிருந்து. மறுநாள் வாடகை வாங்கப் போன அப்பாவை நாட்டாமைக்காரர் திட்டுவார் என்று நினைத்தோம். ஐந்து ரூபாய் கூடக் கொடுத்து அனுப்பினார்.

கேள்வி: சென்ற இதழில் முகவீணை பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தில் சரஸ்வதி கையில் இருக்கிற வீணையின் படம் இருந்தது. இது சரியா?
— ஓர் இசை ஆசிரியர், தஞ்சாவூர்

தப்புதான். படம் வைத்த பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், பெயரில் வீணை இருக்கிறதே என்று வைத்துவிட்டான். முகவீணை ஊதுகிற வாத்தியம், நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி. ஒரு சாண் சொச்ச நீளம்தான், குரல் மட்டும் உச்சத்தில் நிற்கும். வாசிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆர்மோனியத்தோடு ஒப்பேற்றிவிடுகிற ஜமாக்களும் (கூத்துக் குழுக்கள்) உண்டு.

கேள்வி: நானும் காலேஜில் படிக்கிற என் மகளும் மட்டும் போகலாமா? பாத்ரூம், பஸ் எல்லாம்?
— ஆர்., திருவள்ளூர்

போகலாம். கடைசி பஸ் ஒன்பது, ஒன்பதரைக்குள் போய்விடும், அடுத்தது விடியற்காலை. நடுவில் கிளம்புகிற எண்ணமே வேண்டாம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டு அம்மாவிடம் "எந்த ஊரு நீங்க?" என்று கேட்கிற வாய்ப்பைக் கொடுங்கள். அரை மணியில் பாத்ரூம், தண்ணீர், காலையில் காப்பி எல்லாம் தீர்ந்துவிடும். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள், பனிக்குத் தலையில் துண்டு. பன்னிரண்டு மணிக்கு மேல் போண்டாக்கடைப் பக்கம் குடித்துவிட்டு ஆடுகிறவர்கள் இருப்பார்கள். பெண்கள் உட்காருகிற பக்கம் வேறு, அங்கே அவர்கள் வாலை ஆட்ட முடியாது. கிழவிகள் விட மாட்டார்கள்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: பெண் வேஷமும் ஆண்களே கட்டுவதுதான் வழக்கம். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் முன்னின்று 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் (கட்டைக்கூத்து என்பதும் இந்தக் கூத்தின் பெயர்தான்), காஞ்சிபுரம் பக்கத்தில் 2002-இல் குருகுலம் ஆரம்பித்து, பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டமும் பாட்டும் கற்றுக்கொடுத்தது. புஜக்கட்டை கட்டிக்கொண்டு ஒரு பெண் துரியோதனனாக வந்து கிறுகிறுவென்று சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். மீசை முறுக்கினாள் பாருங்கள், என் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கேள்வி: கூத்து பார்க்கக் காசு கொடுக்க வேண்டுமா? செல்போனில் வீடியோ எடுக்கலாமா?
— எம்., ஈரோடு

டிக்கெட் கிடையாது. ஊர் வரி போட்டு ஜமாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். பாட்டு பிடித்திருந்தால் நீங்களும் கொடுங்கள். கட்டியக்காரனிடம் நூறு ரூபாயையும் பெயரையும் கொடுத்தால், "ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் இன்னார் கர்ண மகாராஜா பாட்டை மெச்சி..." என்று நீட்டி முழக்குவான். கர்ணன் அம்பு பட்டுச் சாகக் கிடப்பான், உங்கள் நூறு ரூபாய்க்காகச் சாவு கொஞ்சம் தள்ளிப்போகும். எனக்கு அது பிடிக்காது. காலையில் அரிதாரம் கலைத்தபின் கையில் கொடுத்துவிடுவேன். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அந்த அறிவிப்பு ஒரு மரியாதை, அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

வீடியோ இரண்டு நிமிடம் எடுங்கள். விளக்கு போட்டுக்கொண்டு எடுக்காதீர்கள். சாமி வந்து ஆடுகிற பெண்களை எடுக்கவே எடுக்காதீர்கள். அவர் மறுநாள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், முகம் ஊரெல்லாம் சுற்றினால் நன்றாகவா இருக்கும்?

கேள்வி: எங்களுக்கு மதுரை. கூத்து தூரம். தெற்கே இதுபோல ராத்திரி உட்கார்ந்து கேட்கிற பாட்டு?
— எல்., மதுரை

வில்லுப்பாட்டு. மேடையில் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் பாடுவதைச் சொல்லவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போங்கள். செவ்வாய், வெள்ளியை ஒட்டித்தான் பெரும்பாலும் கொடை இருக்கும். நீண்ட வில்லில் மணிகள் தொங்கும். இரண்டு வீசுகோலால் தட்டிக்கொண்டே தலைமைப் பாடகரான அண்ணாவி கதை சொல்வார். பக்கத்தில் குடம், உடுக்கு, தாளம், கட்டை. அவர் ஒரு வரி சொல்ல மற்றவர்கள் "ஆமா" போடுவார்கள். கூத்திலும் சிலருக்குச் சாமி வரும், ஆனால் இங்கே அது கதையோடு சேர்ந்தது: கதை சாமியின் பிறப்புக்கோ சாவுக்கோ வந்து சேருகிற இடத்தில் வில்லின் வேகம் ஏறும், கீழே சாமியாடிக்கு உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். பாட்டு அங்கே சாமியைக் கூப்பிடுகிற வேலை செய்கிறது. அதனால் கைதட்டாதீர்கள். நான் ஒரு தடவை தட்டிவிட்டு, திரும்பிப் பார்த்த முகங்களை இன்னும் மறக்கவில்லை.

பெண்களும் பாடினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் சின்ன வயதிலேயே வில் பிடித்தவர், 2018-இல் மறைந்தார்.

கேள்வி: சென்னையை விட்டு நகர முடியாது, வயதான மாமியார் இருக்கிறார். ஏதாவது?
— வி., மேற்கு மாம்பலம்

பொங்கல் சமயத்தில் சென்னை சங்கமம் என்கிற நாட்டுப்புறக் கலை விழா. 2007-இல் ஆரம்பித்து நடுவில் நின்று, 2023 முதல் அரசு மறுபடி நடத்துகிறது. பூங்கா, விளையாட்டுத் திடல் என்று நடப்பதால் மாமியாரையே கூட்டிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்ச நேரம்தான். ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. பிடித்த குழுவிடம் போய், "உங்கள் ஊரில் எப்போது ஆடுவீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் அவ்வப்போது நிகழ்ச்சி இருக்கும், அங்கே உட்கார நிழல் உண்டு.

கேள்வி: மகள் பறை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். "சாவு மேளத்தை வீட்டுக்குள்ளே கொண்டு வராதே" என்கிறார் என் அம்மா. என்ன பதில் சொல்வது?
— டி., கோவை

உங்கள் அம்மாவுக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. என் அம்மாவும் அப்படித்தான். சாவுக்கும் சாமிக்கும் ஒரே பறைதான் எங்கள் ஊரில் அடித்தது. அடித்தவர்களை மட்டும் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அந்தக் கணக்கு மேளத்தின் மேல் ஏறிக்கொண்டது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே வருடம் கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்ப சம்பந்தனுக்கும் கொடுத்தார்கள். அதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், பத்மஸ்ரீக்கு மயங்காத அம்மா குறைவு.

அது பலிக்காவிட்டால் ஒரு தடவை அம்மாவைப் பறை காய்ச்சுகிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டித் திருப்பித் திருப்பி வாட்டுவார்கள். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். முதலில் ஈரத் துணியைத் தட்டுகிற மாதிரி தொப் என்று இருக்கும். கொஞ்சம் காய்ந்ததும் டொம். இன்னும் காய்ந்ததும் ணங் என்று ஒரு சத்தம் வரும், அங்கே நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேல் போனால் தோல் கிழியும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, இன்னொரு கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. முதல் அடி விழும்போது அம்மாவின் கால் விரலைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நாலு வயதுப் பையனைக் கூத்துக்கு அழைத்துப் போகலாமா? பயந்துவிடுவானா?
— ஜே., திண்டிவனம்

பயப்படுவான். நான் பயந்திருக்கிறேன். பகாசுரன் வந்தால் பெட்ரோமாக்ஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அப்பா பம்ப் அடிக்கப் பெட்டியை நகர்த்தினால், நானும் கூடவே நகர்வேன். பையன் அழுதால் வேஷம் கட்டுகிற இடத்துக்குத் தூக்கிப்போய், பகாசுரன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிப்பதைக் காட்டுங்கள். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பால் பாட்டில் வேண்டாம், அங்கே ராத்திரி முழுக்கச் சூடாகப் பால் கிடைக்கும்.